நல்வாழ்வுக் கொள்கையைக் கற்பித்தலில் இணைய மூலங்கள்: இணைப்பனுவல் வாசிப்பு குறித்துச் சில கருத்துகள்

நல்வாழ்வுக் கொள்கை என்பது மருத்துவ அறிவியலின் ஒரு கிளை அன்று. நோய் எது, அதற்குரிய மருந்து எது என ஆராய்வது மருத்துவம். அம்மருத்துவம் யாருக்கு, எங்கே, எவருடைய செலவில், எந்த முன்னுரிமையின்படி சென்று சேரவேண்டும் என ஓர் அரசு மேற்கொள்ளும் முடிவுகளின் தொகுதியே நல்வாழ்வுக் கொள்கை ஆகும். இம்முடிவுகள் குழு அறிக்கைகளாகவும் சட்டங்களாகவும் ஆணைகளாகவும் மானியக் கோரிக்கைக் குறிப்புகளாகவும் வெளிவருகின்றன. ஆகவே இத்துறையைக் கற்பவர் முதற்கண் எதிர்கொள்வது நோயாளியையோ ஆய்வுக்கூடத்தையோ அன்று, பனுவலையே எதிர்கொள்கிறார். மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் இத்துறையில் அக்கறை கொள்வதற்கு இந்த ஒரு காரணமே போதுமானது.

இந்தப் பனுவல்களில் பெரும்பாலானவை ஒரு தலைமுறைக்கு முன்பு தலைநகர நூலகங்களில் மட்டுமே கிடைத்தன. இன்று அவை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஜோசப் போர் தலைமையில் 1943இல் அமைக்கப்பெற்று 1946இல் வெளிவந்த நலவாழ்வு ஆய்வு, மேம்பாட்டுக் குழுவின் அறிக்கை, 1983, 2002, 2017 ஆகிய ஆண்டுகளில் வெளியான தேசிய நல்வாழ்வுக் கொள்கைகள், 1992-93இல் தொடங்கிய தேசியக் குடும்பநல ஆய்வின் அறிக்கைகளும் வினாநிரல்களும், தேசிய நலவாழ்வுக் கணக்குகள், உலக நலவாழ்வு நிறுவனத்தின் எண்மக் களஞ்சியம் எனப் பட்டியல் நீளும். கிடைத்தற்கரியது என்னும் குறை நீங்கிவிட்டது. எனினும் தமிழ்வழியில் சமூகப்பணியோ பொருளியலோ பயிலும் மாணவர்க்கும், கிராம சுகாதார செவிலியர்க்கும், ஊராட்சி மன்றத் தலைவர்க்கும் இவை எட்டியுள்ளனவா என்று கேட்டால் விடை வேறாகிறது. இவர்கள் கொள்கையைத் தமிழில் படிக்கிறார்கள். தமிழில் அவர்கள் படிக்கும் கொள்கையும் ஆங்கிலத்தில் வகுக்கப்பெற்ற கொள்கையும் எல்லா இடங்களிலும் ஒன்றாக இருப்பதில்லை என்பதையும், அவ்வேறுபாட்டை வெளிக்கொணர இணைய மூலங்களையே கருவியாகக் கொள்ளலாம் என்பதையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

இணைப்பனுவல் என்பது

ஒரே செய்தியை இரு மொழிகளில் இணையாகத் தரும் ஆவணங்களை இணைப்பனுவல் எனலாம். இவ்வகையில் தமிழுக்கு வாய்த்த சிறந்த மூலம் தமிழ்நாட்டு அரசின் மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்பநலத் துறை ஆண்டுதோறும் சட்டப்பேரவையில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பாகும். மானியக் கோரிக்கை எண் 19 என்பது இதன் அடையாளம். தமிழிலும் ஆங்கிலத்திலும் தனித்தனி நூல்களாக அச்சாகும் இக்குறிப்பு அரசின் இணையதளத்திலும் இடம்பெறுகிறது. திட்டங்கள், நிதி ஒதுக்கீடு, பணியிடங்கள், நோய்த்தடுப்புப் பணிகள் என ஒரு துறையின் முழு வாழ்வும் இரு மொழிகளில் ஆண்டுக்கு ஆண்டு பதிவாகிவருவது ஆய்வாளர்க்குக் கிடைத்த அரிய வாய்ப்பு. மொழிபெயர்ப்புத் துறையினர் இதை இன்னும் போதிய அளவு பயன்படுத்தவில்லை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

இவ்விரு நூல்களின் பெயர்களிலேயே முதல் பாடம் தொடங்குகிறது. ஆங்கிலத் தலைப்பில் 'பாலிசி நோட்' என்று மட்டுமே உள்ளது. தமிழோ 'கொள்கை விளக்கக் குறிப்பு' என ஒரு சொல்லைக் கூட்டுகிறது. ஆங்கிலப் பெயரில் 'ஹெல்த்' என்று மட்டும் உள்ள துறை தமிழில் 'மக்கள் நல்வாழ்வு' ஆகிறது. மக்கள் என்னும் அடைமொழி மூலத்தில் இல்லாதது. ஆனால் பொருளுக்குப் புறம்பானதன்று. தனியொருவரின் உடல்நலத்தைப் பேசும் துறை அன்று, மக்கள் திரளின் நலத்தைப் பேசும் துறை என்பதை அவ்வடைமொழி சுட்டிவிடுகிறது. மூலத்தைவிட மொழிபெயர்ப்பு தெளிவாக அமைந்த இடங்களுள் இதுவும் ஒன்று.

இதற்கு மாறான ஓர் எடுத்துக்காட்டும் அதே துறையில் உண்டு. நோய் வருமுன் காக்கும் மருத்துவப் பிரிவைக் குறிக்கும் ஆங்கிலத் தொடரைக் கொண்ட இயக்ககம், தமிழில் 'பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறை' எனப் பரவலாக வழங்குகிறது. ஆங்கிலத்தில் 'மெடிசின்' என்னும் ஒரு சொல் மருந்தையும் மருத்துவத்தையும் குறிக்கும். தமிழில் இவை இரு வேறு சொற்கள். மொழிபெயர்த்தவர் மருந்தைத் தேர்ந்தார். விளைவாக, கொசு ஒழிப்பு, குடிநீர்க் குளோரினேற்றம், தாய்சேய் நலம் எனப் பரந்துபட்ட பணிகளைச் செய்யும் இயக்ககம் தடுப்பூசி வழங்கும் அலுவலகம்போலப் பெயரளவில் சுருங்கிவிட்டது. 'நோய்த்தடுப்பு மருத்துவம்' என எழுதுவோரும் உளர், அதுவே பொருத்தமானது.

சுகாதாரம் என்னும் சொல்லின் சுமை

'ஹெல்த்' என்பதற்குத் தமிழில் வழங்கும் சொற்கள் குறைந்தது ஐந்து: சுகாதாரம், ஆரோக்கியம், உடல்நலம், நலவாழ்வு, நல்வாழ்வு. இவை ஒருபொருட் பன்மொழிகள் என அகராதிகள் கருதலாம். கொள்கைப் பனுவல்களில் அவ்வாறு கருத இயலாது.

சுகாதாரம் என்னும் சொல் தமிழ்நாட்டு வழக்கில் தூய்மைப் பொருளோடு பிணைந்தது. நகராட்சியின் சுகாதாரப் பிரிவு குப்பை அகற்றுவதையும் கழிவுநீரையும் கவனிப்பது. சுகாதார ஆய்வாளர் உணவகங்களையும் வடிகால்களையும் பார்வையிடுபவர். ஊர்ப்புறங்களில் 'மகளிர் சுகாதார வளாகம்' எனப் பலகை தொங்குமாயின் அது கழிப்பறை வளாகம். அதே தெருவில் 'ஆரம்ப சுகாதார நிலையம்' எனப் பலகை தொங்குமாயின் அது மருத்துவமனை. ஒரே சொல் இரு பலகைகளில் இரு பொருள் தருவதில் ஊராருக்குக் குழப்பம் ஏதுமில்லை. கட்டடம் கண்முன் நிற்கிறது. ஆனால் கொள்கை ஆவணத்தில் கட்டடம் இல்லை, சொல் மட்டுமே உண்டு.

1978 செப்டம்பரில் அன்றைய சோவியத் ஒன்றியத்தின் அல்மா-ஆட்டா நகரில் கூடிய மாநாட்டின் சாற்றுரையை வகுப்பில் மொழிபெயர்க்கச் செய்தால் இச்சிக்கல் உடனே வெளிப்படும். அடிப்படை நலப் பராமரிப்பில் இடம்பெற வேண்டியனவாக அச்சாற்றுரை எட்டுக் கூறுகளை எண்ணுகிறது. அவற்றுள் ஒன்று பாதுகாப்பான குடிநீரும் அடிப்படைத் துப்புரவு வசதியும். 'ஹெல்த்' என்பதையும் சுகாதாரம் என்றும், 'சானிடேஷன்' என்பதையும் சுகாதாரம் என்றும் எழுதினால், ஆரம்ப சுகாதாரத்தின் எட்டுக் கூறுகளுள் ஒன்று அடிப்படைச் சுகாதாரம் என்றாகிவிடும். முழுமையே தன் பகுதிகளுள் ஒன்றாகிவிடுகிறது! இத்தகைய வாக்கியம் இலக்கணப் பிழையற்றது. ஆகையால் திருத்துவோர் கண்ணுக்குத் தப்பிவிடும்.

இச்சொற்களின் வரலாற்றையும் இணையத்திலேயே தேடலாம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்தில் தமிழ்வழி மருத்துவக் கல்வி நடத்திய சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், உடற்கூறு, உடலியல், நலம்பேணல் ஆகிய மூன்றையும் உள்ளடக்கிய ஆங்கிலப் பாடநூலைத் தமிழாக்கியபோது 'அங்காதிபாதம்', 'சுகரணவாதம்', 'உற்பாலனம்' என்னும் சொற்களை ஆண்டார். இவற்றுள் நலம்பேணலுக்கு நின்ற உற்பாலனம் வழக்கொழிந்தது. அச்சொல் நிலைத்திருந்தால் தூய்மையும் நலமும் ஒரே சொல்லில் மோதிக்கொள்ளும் நிலை ஒருவேளை தோன்றியிராது. ஆயினும் சொற்களை மக்கள் தேர்கிறார்கள். கலைச்சொல்லாக்கக் குழுக்கள் பரிந்துரைக்க மட்டுமே செய்கின்றன.

இக்கட்டுரையில் 'ஹெல்த்' என்பது கொள்கைப்பொருளில் வருமிடத்து நல்வாழ்வு, நலவாழ்வு என்னும் சொற்களும், நிறுவனப் பெயர்களில் நிலைபெற்ற வழக்கும் கையாளப்பெறுகின்றன. நல்வாழ்வு என்பதும் குறையற்றதன்று. வாழ்க்கை வசதி, செழிப்பு ஆகிய பொருள்களை அது தன்னோடு இழுத்துவரும். எனினும் நலம் என்பது நோயின்மை மட்டுமன்று, உடல், உள்ளம், சமூகம் ஆகிய மூன்றின் நன்னிலை என 1946இல் வகுக்கப்பெற்ற உலக நலவாழ்வு நிறுவனத்தின் அமைப்புவிதி கருதுவதால், அந்த விரிவு இங்கே ஊறு செய்யாது.

'ஆரம்ப' என்பது தொடக்கமா, முதன்மையா?

போர் குழுவின் நெடுங்காலத் திட்டம் மூன்று படிநிலைகளைக் கொண்டது. பத்தாயிரம் முதல் இருபதாயிரம் வரையிலான மக்களுக்கு 75 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையுடன் ஓர் அலகு. அதற்கு மேல் 650 படுக்கைகளுடன் இரண்டாம் நிலை. அதற்கும் மேல் 2500 படுக்கைகளுடன் மாவட்டத் தலைமை நிலை. இவற்றுள் கீழ்ப்படியில் நிற்பதே 'பிரைமரி' அலகு. இங்கே அச்சொல் வரிசையில் முதலாவது என்னும் பொருளது. 1952இல் சமுதாய வளர்ச்சித் திட்டத்தின்கீழ்த் தொடங்கப்பெற்ற நிலையங்களுக்குத் தமிழில் 'ஆரம்ப சுகாதார நிலையம்' எனப் பெயர் அமைந்தது இப்பொருளுக்கு இயைந்ததே. ஆரம்பப் பள்ளி, நடுநிலைப் பள்ளி, உயர்நிலைப் பள்ளி என்னும் வரிசை அதற்கு முன்மாதிரியாக இருந்திருக்கலாம்.

அல்மா-ஆட்டாவில் அதே ஆங்கிலச் சொல் வேறொரு பொருளை ஏற்றது. அங்கே அது படிநிலையின் அடித்தளத்தை மட்டும் சுட்டவில்லை. நலவாழ்வு முறைமை முழுவதற்கும் மையமான அணுகுமுறையைச் சுட்டியது. உணவு, குடிநீர், கல்வி, மக்கள் பங்கேற்பு ஆகியவை அதனுள் அடங்கின. மறு ஆண்டே, 1979இல், ஜூலியா வால்ஷ், கென்னத் வாரன் ஆகிய இருவரும் எழுதிய கட்டுரை, இவ்வளவு பரந்த திட்டத்தை ஏழை நாடுகள் உடனே மேற்கொள்ள இயலாது. செலவு குறைந்த சில தலையீடுகளைத் தெரிந்தெடுத்துச் செய்யலாம் என வாதிட்டது. முழுமையான அணுகுமுறையா, தெரிந்தெடுத்த அணுகுமுறையா என்னும் பூசல் இன்றுவரை தொடர்கிறது.

தமிழ் மாணவர் இப்பூசலை 'ஆரம்ப சுகாதாரம்' என்னும் தொடர் வழியே படிக்கிறார். ஆரம்பம் என்பது தொடக்கம்; எளியது; அதற்குப் பின்னே உண்மையான மருத்துவம் வரவுள்ளது என்னும் எண்ணத்தை அச்சொல் தானே விதைத்துவிடுகிறது. பூசலின் ஒரு கட்சிக்கு மொழிபெயர்ப்பே முன்கூட்டி வாக்களித்துவிட்டது எனலாம். 2017ஆம் ஆண்டுத் தேசியக் கொள்கை, வளங்களில் மூன்றில் இரண்டு பங்கோ அதற்கு மேலோ இவ்வகைப் பராமரிப்புக்கே செல்லவேண்டும் என்கிறது. இதனைத் 'தொடக்க நிலைக்கு மூன்றில் இரண்டு பங்கு' எனப் படிப்பவர் அது ஏன் என வியப்பார். 'முதன்மைப் பராமரிப்புக்கு' எனப் படிப்பவர் வியக்கமாட்டார். நிலையத்தின் பெயரை மாற்றவேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. அப்பெயர் மக்கள் நாவில் ஊறிவிட்டது. அணுகுமுறையைக் குறிக்குமிடத்து முதன்மை நலப் பராமரிப்பு எனவும், கட்டடத்தைக் குறிக்குமிடத்து ஆரம்ப சுகாதார நிலையம் எனவும் பிரித்து எழுதினால் போதும்.

அளாவுதலும் காப்பீடும்

மேற்கூறியவற்றினும் கடிய விளைவைத் தருவது 'யூனிவர்சல் ஹெல்த் கவரேஜ்' என்னும் தொடர். 2005இல் உலக நலவாழ்வுப் பேரவைத் தீர்மானத்தில் இடம்பெற்று, 2012 டிசம்பர் 12 அன்று ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவையின் ஒப்புதல் பெற்று, 2015இல் நீடித்த வளர்ச்சி இலக்குகளுள் 3.8 என்னும் எண்ணைப் பெற்ற கருத்தாக்கம் இது. தமிழ்ச் செய்தித்தாள்களில் இது 'உலகளாவிய சுகாதாரப் பாதுகாப்பு' எனப் பலமுறை வந்துள்ளது.

இத்தொடரில் ஒவ்வொரு சொல்லும் மூலத்திலிருந்து ஒரு படி விலகி நிற்கிறது. இங்கே 'யூனிவர்சல்' என்பது உலகம் முழுவதும் பரவியது என்னும் பொருளில் வரவில்லை. ஒரு நாட்டினுள் ஒருவரும் விடுபடாமை என்பதே பொருள். 'உலகளாவிய' என்றதும் வாசகர் ஜெனீவாவை நோக்குகிறார். தம் ஊரை நோக்குவதில்லை. அடுத்து, 'பாதுகாப்பு'. இலக்கு 3.8 இரு குறியீடுகளால் அளக்கப்படுவது. தேவையான சேவைகள் மக்களைச் சென்றடைகின்றனவா என்பது முதலாவது. அச்சேவைகளைப் பெறுவதால் குடும்பங்கள் பணநெருக்கடிக்கு ஆளாகின்றனவா என்பது இரண்டாவது. பாதுகாப்பு என்னும் சொல் இரண்டாவதற்கு மட்டுமே பொருந்தும். ஆக, மொழிபெயர்ப்பில் இலக்கின் முதற்பாதி காணாமற்போகிறது.

இதைவிட இடர் மிக்கது 'காப்பீடு' என்னும் தேர்வு. 'கவரேஜ்' என்பது காப்பீட்டுத் துறையிலும் வழங்கும் சொல்லாதலின் மொழிபெயர்ப்பாளர் அதன்பக்கம் சாய்வது இயல்பே. அனைவருக்கும் மருத்துவக் காப்பீடு என்னும் தொடர் கேட்பதற்கு நன்றாகவே உள்ளது. ஆனால் திட்டக்குழு அமைத்த உயர்நிலை வல்லுநர் குழு, கே. ஸ்ரீநாத் ரெட்டி தலைமையில் 2011இல் அளித்த அறிக்கையைப் புரட்டிப் பார்த்தல் வேண்டும். அனைவருக்கும் சேவை அளிக்கப் பொதுவரி வருவாயே முதன்மை நிதிமூலமாக இருத்தல் வேண்டும் எனவும், அரசின் சார்பில் மருத்துவச் சேவைகளை வாங்குவதற்குக் காப்பீட்டு நிறுவனங்களைப் பயன்படுத்தலாகாது எனவும் அக்குழு பரிந்துரைத்தது. அவ்வறிக்கையின் தலைப்பில் உள்ள 'கவரேஜ்' என்னும் சொல்லைக் காப்பீடு எனப் பெயர்த்தால், காப்பீட்டை மறுத்த அறிக்கை காப்பீட்டை வேண்டிய அறிக்கையாகிவிடுகிறது. அரசே மருத்துவமனை நடத்துவதா, தனியார் மருத்துவமனைக்குக் கட்டணம் செலுத்துவதா என்னும் பெரிய கொள்கைத் தேர்வு ஒரு சொல்லின் தேர்வுக்குள் மறைந்துவிடுகிறது.

'அனைவருக்கும் நல்வாழ்வு' எனச் சுருக்கமாக எழுதுவோரும் உண்டு. இன்னோசை மிக்கது, ஆயின் 2000ஆம் ஆண்டுக்குள் எட்டவேண்டும் என அல்மா-ஆட்டா காலத்தில் முழங்கிய குறிக்கோளுக்கு அத்தொடரே உரியது. இருவேறு காலத்து இருவேறு கொள்கைகள் ஒரு பெயரில் கலந்துவிடும். 'அனைவரையும் அளாவும் நலச்சேவை' என்பது இக்கட்டுரையாளர் முன்வைக்கும் தொடர். அளாவுதல் என்னும் வினையில் சென்றடைதலும் உள்ளடக்குதலும் உண்டு; காப்பீட்டின் சாயல் இல்லை. இதனினும் சிறந்ததைப் பிறர் காட்டினால் ஏற்பதில் தடையில்லை.

இத்தொடரோடு சேர்த்துக் கற்பிக்கத்தக்கது, நோயாளி தம் பணத்திலிருந்து நேரடியாகச் செய்யும் செலவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். தேசிய நலவாழ்வுக் கணக்குகளின்படி, நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் இதன் பங்கு 2013-14இல் 64.2 விழுக்காடாக இருந்து 2021-22இல் 39.4 விழுக்காடாகக் குறைந்தது. இதனைக் 'கைச்செலவு' என எழுதினால் சொல்லுக்குச் சொல் சரி. ஆனால் தமிழில் கைச்செலவு என்பது தேநீருக்கும் பேருந்துக்கும் வைத்துக்கொள்ளும் சில்லறை. நகையை அடகு வைத்துச் செய்யும் செலவை அச்சொல் தாங்காது. 'மக்கள் சொந்தப் பணத்திலிருந்து செய்யும் மருத்துவச் செலவு' என நீட்டி எழுதுவதில் தவறொன்றுமில்லை.

ஒரு சொல்லுக்குள் ஒடுங்கிய வேறுபாடுகள்

2020இல் கொரோனாத் தொற்று பரவியபோது இவ்வகைச் சிக்கல் வீட்டு வாயில் வரை வந்தது. நோயுற்றவரைப் பிறரிடமிருந்து பிரித்துவைத்தல் ஒன்று. நோயாளியோடு பழகியதால் நோய் வரக்கூடும் என ஐயுற்று, நோயுறாதவரைக் குறித்த நாள்கள் ஒதுக்கிவைத்தல் மற்றொன்று. ஆங்கிலத்தில் இவற்றுக்கு இரு சொற்கள். தமிழில் இரண்டும் 'தனிமைப்படுத்தல்' ஆயின. கதவில் ஒட்டிய தாளில் 'தனிமைப்படுத்தப்பட்ட வீடு' என்பதைக் கண்ட அண்டை வீட்டார், அங்கே நோயாளி இருக்கிறார் என்று கொள்வதற்கும் தொடர்பாளர் மட்டுமே இருக்கிறார் என்று கொள்வதற்கும் அச்சொல் வழிவிட்டது. நோயாளிக்குத் 'தனிமைப்படுத்தல்', தொடர்பாளருக்கு 'ஒதுக்கக் காப்பு' என்பதுபோல ஏதேனும் ஒரு பிரிவினை தொடக்கத்திலேயே அமைந்திருக்குமாயின் பயன் விளைந்திருக்கும். 'கண்காணிப்பு' என்னும் சொல்லும் இத்தகையதே. நோய்ப் பரவலைத் தொடர்ந்து நோக்குதல், திட்ட முன்னேற்றத்தை அளத்தல், பணியாளரை மேற்பார்த்தல் ஆகிய மூன்றுக்கும் அது ஒன்றே நிற்கிறது.

மூன்று நாட்டுத் தமிழ்

இணையத்தில் தேடும் மாணவர் தமிழ்நாட்டுப் பக்கங்களோடு நின்றுவிடுவதில்லை. தமிழ் ஆட்சிமொழியாக உள்ள இலங்கை, சிங்கப்பூர் ஆகிய நாடுகளின் நலவாழ்வு ஆவணங்களும் தமிழில் கிடைக்கின்றன. ஊட்டச்சத்து இலங்கையில் போசணை அல்லது போசாக்கு. செவிலியர் இலங்கையிலும் சிங்கப்பூரிலும் தாதியர். இலங்கையில் வைத்தியர் என்பவர் மேனாட்டு மருத்துவம் பயின்றவர். தமிழ்நாட்டில் அச்சொல் நாட்டு மருத்துவரை நினைவூட்டும். இவை வாசகரைச் சற்றே நிறுத்தும், ஆனால் திசைதிருப்பமாட்டா. திசைதிருப்புவன, எங்கும் ஒரே வடிவில் நின்று பொருளால் வேறுபடும் சொற்களே. சிங்கப்பூரில் மருந்தகம் என்பது மருத்துவர் நோயாளியைப் பார்க்கும் இடம். பல துறை மருத்துவர்கள் உள்ள அரசு நிலையம் அங்கே பலதுறை மருந்தகம். தமிழ்நாட்டில் மருந்தகம் என்பது மருந்து விற்கும் கடை. 2014இல் தொடங்கிய அம்மா மருந்தகமும் 2025இல் தொடங்கிய முதல்வர் மருந்தகமும் இவ்வகையின. சிங்கப்பூரின் மருந்தகக் கட்டணச் சலுகை பற்றிய பக்கத்தைப் படித்த தமிழ்நாட்டு மாணவர் அதனை மருந்து விலைக் குறைப்பு எனக் கொண்டு கட்டுரை எழுதிவிடக்கூடும்.

வகுப்பில் மேற்கொள்ளும் முறை

இணைப்பனுவல்களை வகுப்பில் கையாள்வதற்கு எளிய வழி எண்களிலிருந்து தொடங்குவது. இரு மொழி நூல்களிலும் இலக்கங்கள் மாறுவதில்லை. ஆகவே ஆங்கிலப் பத்திக்கு உரிய தமிழ்ப் பத்தியை எண்ணைக் கொண்டே கண்டுபிடித்துவிடலாம். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி (2019-21) தமிழ்நாட்டில் 99.6 விழுக்காட்டுப் பிரசவங்கள் மருத்துவ நிறுவனங்களில் நிகழ்ந்தன, 44.9 விழுக்காடு அறுவைப் பிரசவங்கள். இவ்விரு எண்களையும் பிடித்துக்கொண்டு, 'நிறுவனப் பிரசவம்', 'மருத்துவமனைப் பிரசவம்' என்னும் இரு தொடர்களுள் எது ஆரம்ப சுகாதார நிலையத்தையும் உட்கொள்கிறது என மாணவர்களை வாதிடச் செய்யலாம். பின்னர்த் தமிழ்ப் பத்தியை மட்டும் மற்றொரு குழுவிடம் கொடுத்து ஆங்கிலத்துக்கு மீளப்பெயர்க்கச் செய்து, மூலத்தோடு ஒப்பிடலாம். எந்த இடத்தில் மீள்பெயர்ப்பு வழுவுகிறதோ அந்த இடத்திலேதான் கொள்கை பற்றிய விவாதம் தொடங்கவேண்டும். கொள்கையாசிரியரும் மொழியாசிரியரும் அவ்வகுப்பில் ஒருங்கே இருப்பது நலம்.

நடைமுறைத் தடைகள் சில உண்டு. பழைய தமிழ்க் கோப்புகள் பல ஒருங்குறிக்கு முற்பட்ட எழுத்துருக்களில் அமைந்தவை. திரையில் தமிழாகத் தோன்றினும், படியெடுத்து ஒட்டினால் பொருளற்ற உரோமன் எழுத்துகளாக மாறும். தேடுபொறிக்கு அவை தமிழே அல்ல. தமிழ்நாட்டு அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. அதற்கு முந்தைய ஆவணங்கள் மாற்றுக் கருவிகளின் துணையின்றித் தேடலுக்கு அகப்படா. இதன் விளைவாக, ஒரே குறிப்பின் ஆங்கில வடிவம் தேடலில் முன்வர, தமிழ் வடிவம் இருந்தும் இல்லாததாகிறது. நிறுவனங்கள் மறைவதும் ஒரு தடை. திட்டக்குழுவின் இடத்தில் 2015இல் நிதி ஆயோக் வந்தபின், குழுவின் அறிக்கைகளைப் பிற களஞ்சியங்களில் தேடவேண்டியதாயிற்று. படித்த கோப்பைப் பதிவிறக்கி, நாள் குறித்து வைத்துக்கொள்ளும் பழக்கத்தை மாணவர்க்கு முதல் வாரத்திலேயே ஏற்படுத்துதல் வேண்டும்.

இயந்திர மொழிபெயர்ப்பு பற்றியும் ஒரு சொல். 2011 முதல் கூகுள் வழியாகவும், 2022 முதல் அரசின் பாஷினி வழியாகவும் தமிழுக்கு இவ்வசதி உண்டு. முன்னர் மனிதர் செய்த இணைப்பனுவல்களிலிருந்தே இப்பொறிகள் கற்கின்றன. ஆகவே 'உலகளாவிய' என்று நாம் பன்முறை எழுதியிருந்தால் பொறியும் அதனையே நமக்குத் திருப்பித் தரும். பொறி தந்ததை நாம் மீண்டும் வெளியிடுவோம். மொழிபெயர்க்க முனைவோர்க்கு வேறொரு செய்தியும் தேவை. உலக நலவாழ்வு நிறுவனத்தின் ஆட்சிமொழிகள் ஆறனுள் தமிழ் இல்லை. எனினும் அதன் வெளியீடுகளுள் திறந்த உரிமத்தில் வருவனவற்றை வணிக நோக்கமின்றி எவரும் மொழிபெயர்க்கலாம். அம்மொழிபெயர்ப்பை நிறுவனம் செய்யவில்லை எனவும், மூலப் பதிப்பே கட்டுப்படுத்தும் எனவும் குறிப்பிடுதல் கட்டாயம்.

சொற்களை ஒருமுகப்படுத்துவதற்குப் போர்த்துக்கீசிய, ஸ்பானிய மொழியினர் மேற்கொண்ட முறை நமக்கு ஏற்புடையது. அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் உருவாக்கிய பொருள்தலைப்புச் சொற்கோவையை சாவோ பாவுலோ நகரிலுள்ள இலத்தீன் அமெரிக்க நலவாழ்வுத் தகவல் மையம் தம் மொழிகளில் பெயர்த்ததோடு நிற்கவில்லை. மூலத்தில் போதிய இடம் பெறாத பொது நலவாழ்வுக்கென ஒரு தனிப்பிரிவையே சேர்த்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் வரையறையும், மேற்பிரிவும், கீழ்ப்பிரிவும் உண்டு. இணையத்தில் எவரும் அதனைக் காணலாம். தமிழில் இணையக் கல்விக்கழகத்தின் கலைச்சொல் தொகுப்புகளும் சொற்குவையும் உள்ளன. அவை ஆங்கிலச் சொல்லுக்கு நேராகத் தமிழ்ச் சொல்லைத் தருவன. 'கண்காணிப்பு' மூன்று இடங்களில் மூன்று ஆங்கிலச் சொற்களுக்கு நேராக நிற்பதை அத்தகைய பட்டியல் தடுப்பதில்லை. வரையறையோடு கூடிய, கொள்கைத் துறைக்கே உரிய ஒரு சிறு கோவையை, முதற்கட்டமாக இருநூறு சொற்களுக்கேனும், கொள்கை விளக்கக் குறிப்புகளின் இணைப்பனுவலிலிருந்து தொகுக்கலாம். இது ஒரு பல்கலைக்கழகத் துறை ஈராண்டில் முடிக்கக்கூடிய பணியே.

அக்கோவையைத் தொகுப்போர் இதுவரை கூறியவற்றுக்கு எதிர்த்திசையில் செல்லும் சொற்களையும் கவனித்தல் வேண்டும். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்', அதே ஆண்டு டிசம்பரில் தொடங்கப்பெற்ற 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' ஆகிய திட்டங்களின் பெயர்கள் தமிழிலேயே பிறந்தவை. ஆங்கிலக் குறிப்பில் இவை உரோமன் எழுத்தில் ஒலிபெயர்த்தே தரப்படுகின்றன. முதற்பெயரில் உள்ள 'தேடி' என்னும் வினையெச்சத்தை ஆங்கில உரைநடையில் எவ்வாறு கொணர்வது என்பதை மாணவர்க்கு இறுதிப் பயிற்சியாக அளிக்கலாம்.